ஹான்லே பள்ளத்தாக்கில் பால்வீதியைப் படமெடுக்க: முதல்முறை போகிறவர்களுக்கு

லடாக்கின் தென்கிழக்கு மூலையில், சீன எல்லையை ஒட்டிய சாங்தாங் பகுதியில் ஹான்லே இருக்கிறது. கிராமமே கடல் மட்டத்திலிருந்து சுமார் 4,300 மீட்டர் உயரத்தில். பக்கத்துக் குன்றின் மேல், 4,500 மீட்டரில், இந்திய வானியற்பியல் மையத்தின் 2 மீட்டர் சந்திரா தொலைநோக்கி. சுற்றியுள்ள 1,073 சதுர கிலோமீட்டர் 2022 டிசம்பரில் இருள்வான் காப்பகமாக, அதாவது செயற்கை வெளிச்சத்தைக் கட்டுப்படுத்தி இரவு வானத்தைக் காக்கும் பகுதியாக, அறிவிக்கப்பட்டது. இந்தியாவில் இதைவிட இருட்டான, வறண்ட வானத்தை ரோடு போட்ட இடத்தில் பார்ப்பது கடினம்.

சென்னையிலோ மதுரையிலோ கோவையிலோ இருந்து முதல்முறை கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் லென்ஸைப் பற்றித்தான் கேட்கிறார்கள். நான் பார்த்தவரை ஹான்லேயில் படம் கிடைக்காமல் திரும்பியவர்களில் லென்ஸால் தோற்றவர் யாருமில்லை. தேதி தப்பியவர்கள், மூச்சு வாங்கிப் படுத்துவிட்டவர்கள், சோதனைச் சாவடியில் திருப்பி அனுப்பப்பட்டவர்கள்தான் அதிகம். அதனால் கேமரா இந்தக் கட்டுரையின் பிற்பாதியில்தான் வரும்.

1. முதலில் அமாவாசையைப் பாருங்கள், பிறகு லீவு போடுங்கள்

நிலா இருக்கும் வானத்தில் பால்வீதி கரைந்துவிடும். வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி நாட்காட்டியே போதும், அமாவாசையைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் அமாவாசைக்கு முன்னா, பின்னா என்பது மாதத்தைப் பொறுத்தது. பயண ஏற்பாட்டாளர்கள் இதைச் சொல்வதில்லை.

பால்வீதியின் மையப் பகுதிதான் நாம் தேடிப்போகும் அடர்த்தியான, புகைமூட்டம் போன்ற பகுதி. ஏப்ரல் கடைசி, மே மாதங்களில் அது இரவு பதினொரு மணியை ஒட்டி எழுந்து, விடியற்காலை மூன்றரை மணி வாக்கில் உச்சிக்கு வரும். அப்போது வளர்பிறைச் சஷ்டி வரைகூடப் போகலாம், நிலா நள்ளிரவுக்குள் மறைந்துவிடும். தேய்பிறைத் தசமியில் போனால், மையம் மேலே வரும் நேரத்தில் நிலாவும் எழுந்து நிற்கும்.

செப்டம்பரில் கதை நேர் எதிர். இருட்டு முழுதாகக் கவிய இரவு ஏழே முக்கால் ஆகும். பத்தே முக்காலுக்கு மையம் அடிவானத்தைத் தொட்டுவிடும், அதற்கு முன்பே மலை மறைத்துவிடும். கையில் இருப்பது ஒன்றரை, இரண்டு மணி நேரம். வளர்பிறைச் சதுர்த்தி நிலா அதே நேரத்தில் அதே தென்மேற்கில் நிற்கும். எனவே செப்டம்பரில் தேய்பிறை ஏகாதசியிலிருந்து அமாவாசை வரையிலான நாட்களையே எடுங்கள்.

ஜூனில் மையம் நள்ளிரவில் உச்சிக்கு வந்து, இரவு முழுக்கக் கிடைக்கும். ஆனால் இரவே குட்டையானது, ஒன்பது மணி தாண்டித்தான் வானம் முழுதாக இருட்டும். ஜூலை, ஆகஸ்டில் லடாக் மழைமறைவுப் பகுதிதான் என்றாலும் மேகம் வரும், வழியில் மண்சரிவும் நடக்கும். என் ஓட்டு செப்டம்பர் நடுப்பகுதிக்கு. நேரம் குறைவுதான், ஆனால் வானம் தெளிவு. விடியற்காலையில் எழுந்தால் கார்த்திகை, ரோகிணி, திருவாதிரை மூன்றும் கிழக்கே உயர்ந்து நிற்க, அவற்றுக்குக் கீழே இராசிமண்டல ஒளி (சூரியனைச் சுற்றியுள்ள தூசியில் பட்டுச் சிதறும் வெளிச்சம்) கூம்பு மாதிரி எழுவதையும் படமெடுக்கலாம்.

2. உடம்புக்கு நாள் ஒதுக்குங்கள்

லே விமான நிலையம் சுமார் 3,250 மீட்டர் உயரத்தில். சென்னையிலிருந்து டெல்லி வழியாகப் போகிறவர் ஒரே நாளில் கடல் மட்டத்திலிருந்து அங்கே இறங்குகிறார். உடம்பு உயரத்துக்குப் பழக, லேயில் முழுதாக இரண்டு இரவு தங்குவது குறைந்தபட்சம், மூன்று தங்குங்கள் என்பேன். முதல் நாள் கடைத்தெருவைக்கூடச் சுற்ற வேண்டாம். தண்ணீர் நிறையக் குடியுங்கள், மது அறவே வேண்டாம், தூக்க மாத்திரை வேண்டாம். உயரத்தால் வரும் நோயைத் தடுக்க அசிட்டசோலமைடு மாத்திரையைப் பலர் எடுக்கிறார்கள். ஊரிலேயே உங்கள் மருத்துவரிடம் கேட்டு, அவர் சொன்னால் மட்டும் எடுங்கள். இரத்த அழுத்தம், இதய நோய், ஆஸ்துமா உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டிக்கெட் எடுப்பதற்கு முன்பே கேட்க வேண்டும்.

ஹான்லேயில் தலைவலி, வாந்தி, தள்ளாட்டம் வந்தால் செய்ய வேண்டியது ஒன்றே: கீழே இறங்குவது. ஆனால் பக்கத்தில் இறங்குவதற்குத் தாழ்வான இடம் இல்லை. நியோமாவும் 4,000 மீட்டருக்கு மேல்தான். லே வரை 250 கிலோமீட்டருக்கு மேல் ஓட வேண்டும். இதனால்தான் லேயில் சேர்க்கும் ஒரு நாளை வீண் நாளாக நினைக்கக் கூடாது. முடிந்தால் போகிற வழியில் சுமதாங்கிலோ நியோமாவிலோ ஓர் இரவு தங்கிப் போங்கள்.

ஆக, ஊரிலிருந்து ஊருக்கு எட்டு அல்லது ஒன்பது நாள் கணக்கிடுங்கள். ஹான்லேயில் மட்டும் மூன்று இரவு. ஓர் இரவு மேகமாக இருந்தாலும் இரண்டு மிஞ்சும். "ஒரு நைட் ஹான்லே" என்று விற்கும் பேக்கேஜ்களை எடுக்காதீர்கள். அவற்றில் பெரும்பாலும் மறுநாள் காலை உம்லிங் லா கணவாயும் சேர்ந்திருக்கும். 19,000 அடிக்கு மேலான இடம் அது. இரவெல்லாம் கண்விழித்துவிட்டு காலையில் அங்கே ஏறுவது ஆபத்து. போயே ஆக வேண்டும் என்றால் கடைசி நாளில், நன்றாகத் தூங்கியபின் போங்கள்.

3. பெர்மிட்

எல்லைப் பகுதி என்பதால் மாஹே, லோமா போன்ற இடங்களில் காகிதம் கேட்பார்கள். இந்தியக் குடிமக்கள் லே நிர்வாகத்தின் அனுமதி இணையதளத்தில் பதிவு செய்து கட்டணம் கட்டிப் படிவத்தை எடுத்துக்கொள்ளலாம். சுற்றுச்சூழல் கட்டணம், நாள் கணக்கில் வனவிலங்குக் கட்டணம், சிறு நன்கொடை எல்லாம் சேர்ந்து ஓர் ஆளுக்குச் சில நூறு ரூபாய்தான். கையில் வைத்திருக்க வேண்டியவை:

- ஆதார் அல்லது வாக்காளர் அட்டை அல்லது பாஸ்போர்ட், அசலும் நகலும்
- அனுமதிப் படிவம், ஐந்தாறு ஜெராக்ஸ் (சாவடிகளில் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்வார்கள்)
- வண்டி எண், ஓட்டுநர் பெயர் குறித்த தாள்

நீங்கள் போகும் ஒவ்வோர் இடத்தின் பெயரும் படிவத்தில் இருக்க வேண்டும். முகவர்கள் வழக்கமாக நூப்ரா, பாங்காங் என்று மட்டும் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். அச்செடுக்கும் முன் "ஹான்லே" என்ற சொல் அதில் இருக்கிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். பாங்காங்கிலிருந்து சுஷுல் வழியாக வருவதாக இருந்தால் அதையும் சேர்க்கச் சொல்லுங்கள். விதிகள் அவ்வப்போது மாறுவதால் கிளம்பும் வாரத்தில் ஒருமுறை தங்குமிடத்துக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் தமிழர்களுக்கு இந்த வழி பொருந்தாது. ஓ.சி.ஐ அட்டை இருந்தாலும் பாதுகாக்கப்பட்ட பகுதி விஷயத்தில் வெளிநாட்டவர் கணக்குதான், தனி அனுமதி வேண்டும். சிங்கப்பூர், மலேசியா, கனடாவிலிருந்து குடும்பத்தோடு சேர்ந்து போகத் திட்டமிடுகிறவர்கள் விமான டிக்கெட்டுக்கு முன் இதை லேயில் பதிவுபெற்ற முகவர் ஒருவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

டிரோனை எடுத்துப் போகாதீர்கள். சாட்டிலைட் போனோ, சாட்டிலைட் வழியாகச் செய்தி அனுப்பும் மலையேற்றக் கருவியோ வேண்டவே வேண்டாம். முன் அனுமதி இல்லாமல் வைத்திருப்பது இந்தியாவில் சட்டப்படி குற்றம், கைது வரை போகும். ராணுவ முகாம், பாலம், சாவடி எதையும் படமெடுக்க வேண்டாம். இரவில் அந்தப் பக்கம் லென்ஸைத் திருப்பி வைத்தாலே கேள்வி வரும்.

4. வண்டி, தங்குமிடம், கைக்காசு

லேயிலிருந்து கரு, உப்ஷி, சுமதாங், மாஹே, நியோமா, லோமா என்று சிந்து நதியை ஒட்டியே ரோடு போகிறது. நின்று நின்று போனால் ஏழெட்டு மணி நேரம். காலை ஏழுக்குள் கிளம்புங்கள். கரு என்ற ஊரில் டீசலை முழுக்க நிரப்பச் சொல்லுங்கள்.

டாக்ஸி சங்கத்தின் கட்டண அட்டை லேயில் எல்லோரிடமும் இருக்கும். பேரத்துக்கு முன் அதைப் பார்த்துவிடுங்கள். அட்டையில் இருப்பது போய்வரும் தூரத்துக்கான தொகை, ஹான்லேயில் கூடுதலாக வண்டி நிற்கும் ஒவ்வோர் இரவுக்கும் தனிக்காசு. இந்தப் பயணத்துக்கு வண்டிக்கு இருபதாயிரமும் அதற்கு மேலும் ஆகும் என்று வைத்துக்கொண்டு நான்கு பேராகப் பிரித்துக்கொள்ளுங்கள். வெளிமாநிலத்தில் வாடகைக்கு எடுத்த காரையோ பைக்கையோ ஓட்டிக்கொண்டு லேயைச் சுற்ற உள்ளூர்ச் சங்கத்தார் விடமாட்டார்கள்.

பேரம் பேசும்போதே ஓட்டுநரிடம் ஒன்றைத் தெளிவாகச் சொல்லுங்கள்: "இரவில் வண்டி வேண்டாம், நடந்து போய்விடுவோம்." இது அவருக்கும் நல்லது, வானத்துக்கும் நல்லது.

ஹோம்ஸ்டே எடுங்கள். காலை, இரவுச் சாப்பாட்டோடு ஓர் ஆளுக்கு ஆயிரத்து ஐநூறிலிருந்து மூவாயிரத்துக்குள் முடியும். இருள்வான் காப்பகத் திட்டத்தில் கிராமத்து இளைஞர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு, வானியல் பயிற்சியும் தொலைநோக்கியும் கொடுத்து வானத் தூதர்களாக ஆக்கியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் வீட்டில் தங்கினால், எந்த மேட்டிலிருந்து தெற்கு திறந்திருக்கும், எந்தப் பக்கம் நாய் தொல்லை, இன்று காற்று எப்போது அடங்கும் என்பதெல்லாம் கேட்காமலே தெரிந்துவிடும். முதல் இரவு கேமராவைத் தொடும் முன் காசு கொடுத்து அவர்களுடைய தொலைநோக்கியில் ஒரு மணி நேரம் பாருங்கள். அந்தக் காசு அந்த ஊரில் இருட்டைக் காப்பாற்றுகிறது.

அங்கே ஏ.டி.எம்மை நம்ப வேண்டாம். லேயிலேயே ரொக்கம் எடுத்துவிடுங்கள். தமிழ்நாட்டு ப்ரீபெய்ட் சிம் லடாக்கில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்ட் மட்டுமே. வரைபடம், வானச் செயலி எல்லாவற்றையும் முன்பே போனில் இறக்கி வையுங்கள். பணம் அனுப்பும் செயலி கையில் இருந்தும் சிக்னல் இல்லாமல் வாடகை கொடுக்கத் தவித்தவர்களை அங்கே பார்த்திருக்கிறேன்.

விமானம் முன்கூட்டி எடுத்தால் சென்னை–லே போய்வர இருபதாயிரத்தை ஒட்டி வரும், கடைசி வாரத்தில் இரட்டிப்பாகும். நான்கு பேர் குழுவில் ஓர் ஆளுக்கு மொத்தம் நாற்பத்தைந்து முதல் ஐம்பத்தைந்தாயிரம் என்று ஒதுக்கினால் நெருக்கடி இருக்காது.

5. பையில் என்ன

செட்டிங்கை நாமே கையால் மாற்றக்கூடிய எந்தக் கேமராவும் சரி. 14 முதல் 24 மி.மீ வரையிலான, எஃப் 2.8 அல்லது அதற்கும் அகலத் திறக்கும் லென்ஸ் இருந்தால் நல்லது. இல்லையென்றால் ஊரில் வாடகைக்குக் கிடைக்கும். கேமராவோடு வரும் கிட் லென்ஸின் 18 மி.மீ, எஃப் 3.5 வைத்தும் அந்த வானத்தில் நல்ல படம் வரும்.

ட்ரைபாடில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். பள்ளத்தாக்கில் மாலைக் காற்று பலமாக அடிக்கும். லேசான ட்ரைபாடின் நடுத்தண்டில் கல் நிரப்பிய துணிப்பையைத் தொங்கவிட்டு, அந்தப் பை தரையைத் தொடும்படி வையுங்கள், ஊசலாடக் கூடாது.

குறைந்தது மூன்று பேட்டரி வேண்டும். குளிரில் சட்டெனத் தீரும். உபயோகிக்காத பேட்டரியைச் சட்டையின் உள்பையில், உடம்புச் சூட்டில் வையுங்கள். விமானத்தில் பேட்டரியும் பவர் பேங்கும் கைப்பையில் மட்டும், ட்ரைபாட் செக்-இன் பெட்டியில். கிராமத்தில் கரண்ட் இரவெல்லாம் இருக்கும் என்று எண்ணாமல், வந்த உடனே எல்லாவற்றையும் சார்ஜில் போடுங்கள்.

சிவப்பு வெளிச்சம் தரும் ஹெட்லாம்ப் கட்டாயம். துணிமணியில், செப்டம்பர் கடைசியில் இரவு பூஜ்யத்துக்குக் கீழே போகும். நாம் அசையாமல் நிற்கிற வேலை என்பதால் நடப்பவர்களைவிட ஒரு அடுக்கு கூடுதலாகப் போட வேண்டும். உள்ளே விரல் தெரியும் மெல்லிய கையுறை, மேலே தடித்த கையுறை என இரண்டு சோடி. இரவு பதினொரு மணிக்கு ட்ரைபாடின் அலுமினியக் காலை வெறுங்கையால் பிடித்தால் சுட்டதுபோல் விரல் இழுத்துக்கொள்ளும்.

6. ஊரிலேயே பழகிவிட்டுப் போங்கள்

ஜவ்வாது மலையில், காவலூர் வானாய்வகம் இருக்கும் பக்கமாக, ஓர் அமாவாசை இரவு போய் எல்லாப் பட்டன்களையும் கண்ணை மூடிக்கொண்டு தொடும் அளவுக்குப் பழகுங்கள். 4,300 மீட்டரில் மூளை மந்தமாகத்தான் வேலை செய்யும், மெனுவைத் தேடும் இடம் அதுவல்ல.

ஆனால் இரண்டு வானமும் ஒன்றல்ல. காவலூரில் பால்வீதி மையம் தெற்கே சுமார் 48 பாகை உயரம் ஏறும். ஹான்லே 33 பாகை வட அட்சத்தில் இருப்பதால் அங்கே 28 பாகைக்கு மேல் வராது. இது குறை போலத் தெரிந்தாலும் படத்துக்கு வரம்: 20 மி.மீ லென்ஸைப் படுக்கையாக வைத்தாலே தரை, மலை, மையம் மூன்றும் ஒரே சட்டத்தில் அடங்கும். நம் ஊரில் நன்றாகத் தெரியும் அகத்திய நட்சத்திரம் அங்கே அடிவானத்திலிருந்து நான்கைந்து பாகைதான், மலை மறைத்துவிடும். பதிலுக்குத் துருவ நட்சத்திரம் உயரமாக நிற்கும். டிராக்கர் (நட்சத்திரங்களின் நகர்வுக்கு ஏற்பக் கேமராவைத் திருப்பும் கருவி) வைத்திருப்பவர்களுக்கு அதைப் பிடித்துக் கருவியை நேராக்குவது நம் ஊரைவிட மிக எளிது.

7. பகலில் இடம், இருட்டில் ஃபோகஸ்

பகலிலேயே நடந்து இடத்தைப் பாருங்கள். மடாலமோ, வானாய்வகக் குவிமாடமோ முன்னால் வர, அதற்குமேல் பால்வீதி நிற்க வேண்டும் என்றால் நீங்கள் அதற்கு வடக்கே நிற்க வேண்டும். செப்டம்பரில் வடகிழக்கே. புல்வெளி பல இடங்களில் சதுப்பு, பகலில் காய்ந்ததுபோல் தெரியும் இடத்தில் இரவில் கால் புதையும். ட்ரைபாடின் மூன்று கால்களுக்கும் மூன்று கல் வைத்து அடையாளம் செய்துவிட்டு வாருங்கள்.

மையத்தைக் கண்டுபிடிக்கச் செயலியே தேவையில்லை. தெற்கே பார்த்தால் சிவப்பாக மின்னும் கேட்டை. அங்கிருந்து விருச்சிகத்தின் உடல் வளைந்து வால் நுனியில் மூலம். அதற்கு இடப்பக்கம் பூராடம். மூலத்துக்கும் பூராடத்துக்கும் நடுவே, சற்று மேலே, அதுதான் மையம்.

ஃபோகஸ்தான் எல்லோரும் கோட்டைவிடும் இடம். லென்ஸில் முடிவிலிக் குறியில் வைத்தால் சரியாக இருக்கும் என்று நம்பாதீர்கள். லென்ஸை மேனுவலுக்கு மாற்றி, திரையில் அபிஜித் போன்ற பிரகாசமான நட்சத்திரத்தை நடுவில் கொண்டுவந்து, பத்து மடங்கு பெரிதாக்குங்கள். வளையத்தை மெதுவாகத் திருப்பும்போது வெள்ளை உருண்டை சுருங்கிக்கொண்டே வந்து, ஒரு கட்டத்தில் சுற்றிலும் ஊதா விளிம்பு மறைந்து, ஊசிமுனையாகும். இன்னும் சற்றுத் திருப்பினால் மறுபடி பெருக்கும். பின்னால் வந்து ஊசிமுனையில் நிறுத்துங்கள். அப்படியே வளையத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டுங்கள். குளிர் ஏற ஏற ஃபோகஸ் நகரும், மணிக்கொரு தடவை திரும்பச் சரிபாருங்கள்.

8. செட்டிங்

தொடங்க இது போதும்: ரா வடிவம் (கேமரா பதிந்ததை அப்படியே சேமிக்கும் கோப்பு), அப்பர்ச்சர் (லென்ஸின் துளை) முழுத் திறப்பு, ஐ.எஸ்.ஓ (ஒளியுணர்திறன்) 6400, 15 நொடி, வெண்சமநிலை 4000 கெல்வின், இரண்டு நொடி டைமர். லென்ஸின் நடுக்கத் தடுப்பையும், நீண்ட ஒளிப்பதிவுக்கான இரைச்சல் (படத்தில் விழும் பொட்டுகள்) நீக்கத்தையும் அணைத்துவிடுங்கள். பின்னதை அணைக்காவிட்டால் ஒவ்வொரு படத்துக்கும் அதே அளவு நேரம் சும்மா காத்திருக்க வேண்டும்.

500-ஐ லென்ஸின் மி.மீ ஆல் வகுத்தால் வரும் நொடி வரை நட்சத்திரம் கோடாகாது என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். இன்றைய கேமராக்களுக்கு அது தாராளம், 300-ஐ வகுங்கள். 20 மி.மீட்டருக்கு 15 நொடி. சிறிய சென்சார் என்றால் மி.மீட்டரை முதலில் ஒன்றரையால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

கும்மிருட்டில் கேமரா திரை எப்போதும் பிரகாசமாகவே தெரியும். படம் நன்றாக வந்துவிட்டது என்று நம்பி ஐ.எஸ்.ஓவைக் குறைத்துவிட்டு, ஊரில் வந்து திறந்தால் கருப்பாக இருக்கும். திரையின் வெளிச்சத்தை அடிமட்டத்துக்கு இறக்கி, ஹிஸ்டோகிராமை (படத்தின் இருட்டு, வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம்) மட்டும் பாருங்கள். அதில் எழும் மேடு இடப்பக்க ஓரத்தை விட்டு விலகி நிற்க வேண்டும்.

ஒரே சட்டத்தில் இருபது படம் தொடர்ச்சியாக எடுங்கள், கடைசியில் லென்ஸ் மூடியைப் போட்டுப் பத்து. வீட்டில் சிரில் அல்லது சீக்வேட்டர் என்ற இலவச மென்பொருளில் சேர்த்தால் இரைச்சல் அடங்கிவிடும். தரைக்காகத் தனியாக ஐ.எஸ்.ஓ 1600-ல் மூன்று நான்கு நிமிடப் படம் ஒன்று எடுத்து வையுங்கள்.

வானத்தின் அடியில் பச்சைப் பட்டை விழுந்தால் பயப்பட வேண்டாம், அது வளிமண்டலத்தின் சொந்த ஒளி. கேமராவில் கோளாறு இல்லை. 2024 மே மாதச் சூரியப் புயலின்போது ஹான்லேயில் வடக்கு வானமே சிவந்து பதிவானது.

9. அங்கே வெளிச்சம் போடாதீர்கள்

வெள்ளை டார்ச், போன் ஃபிளாஷ், லேசர் எதுவும் கூடாது. அறையில் விளக்குப் போடும் முன் திரைச்சீலையை இழுத்துவிடுங்கள். வானாய்வகத்தைப் பகலில் பாருங்கள், இரவில் குன்றின் பக்கம் வண்டியைக் கொண்டுபோகாதீர்கள். கைபேசித் திரையையும் சிவப்புக்கு மாற்றுங்கள், இருட்டுக்குக் கண் பழக இருபது, முப்பது நிமிடம் ஆகும். ஒருவர் திரையைப் பளீரென்று திறந்தால் பக்கத்தில் நிற்கும் பத்துப் பேருக்கும் அது வீண்.

10. அறைக்குத் திரும்பும்போதும், ஊருக்குக் கிளம்பும்போதும்

குளிர்ந்த கேமராவை அடுப்பெரியும் அறைக்குள் நேராகக் கொண்டுபோனால் உள்ளே நீர் பூக்கும். வெளியிலேயே மெமரி கார்டைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, கேமராவை ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில் காற்று புகாமல் மூடி, மூடிய கேமரா பையோடு காலைவரை அப்படியே விடுங்கள்.

லே விமானங்கள் பெரும்பாலும் முற்பகலிலேயே பறந்துவிடும், வானிலை கெட்டால் ரத்தாகும். எனவே ஹான்லேயிலிருந்து திரும்பிய மறுநாளே விமானம் வைக்காமல் ஒரு நாள் இடைவெளி விடுங்கள். டெல்லியிலிருந்து சென்னைக்கான விமானத்தையும் அதே டிக்கெட்டில் எடுங்கள். தனித்தனியாக எடுத்திருந்தால் முதல் விமானம் ரத்தானதற்கு இரண்டாவது நிறுவனம் காசு தராது. அந்த இடைவெளி நாளில் லேயில் உட்கார்ந்து எல்லாக் கார்டுகளையும் இன்னொரு ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுத்து, கார்டைக் கைப்பையிலும் டிஸ்க்கைச் சட்டைப் பையிலும் வைத்துக்கொள்ளுங்கள்.